விவியன் மேயரின் படங்களில் நாம் ரசிப்பது யாருடைய தேர்வை?

கேள்வி

குழந்தைகளைப் பராமரிக்கும் பணியில் வாழ்ந்த அமெரிக்கத் தெருப் புகைப்படக் கலைஞர் விவியன் மேயர், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நெகட்டிவ்களை விட்டுச் சென்றார். சேமிப்புக் கிடங்கின் வாடகை பாக்கிக்காக, அங்கே அவர் வைத்திருந்த பெட்டிகள் 2007இல் சிகாகோவில் ஏலம் போயின. 2009 ஏப்ரலில் அவர் மறைந்த பிறகே அவர் பெயர் உலகுக்குத் தெரிந்தது. நாம் போற்றும் படங்களில் பெரும்பாலானவை அவர் தேர்ந்தெடுத்து அச்சிட்டவை அல்ல. அப்படியானால் நாம் ரசிப்பது அவருடைய பார்வையையா, பின்னால் வந்து தேர்ந்தெடுத்தவர்களின் ரசனையையா?

மறுமொழி 1

ஷட்டரை அழுத்தும் கணமே முதல் தேர்வு என்பது என் கருத்து. சதுரப் படம் எடுக்கும் அவருடைய ரோலிஃபிளெக்ஸ் கேமராவில் ஒரு பிலிம் சுருளுக்குப் பன்னிரண்டு படங்கள்தான் எடுக்க முடியும். பல காட்சிகளை ஒரே பிரேமில் முடித்துவிட்டு அவர் நகர்ந்திருக்கிறார். அந்தக் கேமராவை மார்புக்குக் கீழே பிடித்து, குனிந்து, இடவலம் மாறித் தெரியும் கண்ணாடித் திரையில் காட்சியைப் பார்க்க வேண்டும். எதிரில் இருப்பவரை முறைத்துப் பார்க்காமலேயே படம் எடுத்துவிடலாம். கோணமும் சற்றுத் தாழ்வாக அமைவதால், தெருவில் நிற்கும் எளிய மனிதர்கூட நிமிர்ந்த கம்பீரத்துடன் தெரிகிறார். கடைக் கண்ணாடிகளிலும் தரையில் விழும் நிழலிலும் தன்னையே அவர் பதிவு செய்த படங்களைத் தொடர்ச்சியாகப் பாருங்கள். அந்தப் பிடிவாதமான ஆர்வத்தை எந்தத் தொகுப்பாளராலும் உருவாக்கியிருக்க முடியாது.

மறுமொழி 2

பாதிக்கு மேல் உடன்படுகிறேன். ஆனால் அவரே போட்ட பிரிண்டுகளும் இருக்கின்றன. 1950களில், தாம் பணியாற்றிய வீட்டில் தமக்குக் கிடைத்த குளியலறையை இருட்டறையாகப் பயன்படுத்தியவர் அவர். அந்தப் பிரிண்டுகள் சிலவற்றில் சதுர பிரேமின் ஓரங்களைத் தயங்காமல் வெட்டியிருக்கிறார். இன்றைய கண்காட்சிப் பிரிண்டுகளோ பெரும்பாலும் முழுச் சதுரத்தையும் காட்டுகின்றன. ஆகவே நாம் வியக்கும் அந்தச் சதுர ஒழுங்கில் ஒரு பங்கு பிறருடையது என்பதை மறுக்க இயலாது. மேலும், நூற்றுக்கணக்கான சுருள்களை அவர் கழுவாமலேயே விட்டுவிட்டார். பல ஆண்டுகள் கிடந்த பிலிமில் பதிந்த படிமம் மங்கும், மூட்டம் படியும். அத்தகைய மங்கலைக் கவித்துவம் என்று பாராட்டும்போது, வேதிவினையின் விளைவை அவர் கணக்கில் எழுதுகிறோம். அவர் கண்ணால் பார்த்தே இராத படங்கள் அவை.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. எடுத்த கணத்தையும் அச்சிட்ட விதத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பது இப்போது விளங்குகிறது. அதற்கு எங்கிருந்து தொடங்கலாம்?

மறுமொழி 2

தனிப் படங்களைவிடக் கான்டாக்ட் ஷீட்களிலிருந்து, அதாவது ஒரு சுருளின் எல்லாப் படங்களையும் வரிசையாகச் சிறிய அளவில் அச்சிட்ட தாள்களிலிருந்து, தொடங்குங்கள். ஒரு படத்துக்கு முன்னும் பின்னும் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது அங்கேதான் தெரியும். பிறகு, அவர் காலத்துப் பிரிண்டு கிடைக்கும் ஒரு படத்தை எடுத்துப் புதிய பிரிண்டுடன் ஒப்பிடுங்கள். எதை வெட்டி நீக்கினார் என்று பார்த்தால், அந்தக் காட்சியில் அவருக்கு எது முக்கியமாகப் பட்டது என்று ஓரளவு ஊகிக்கலாம்.