வானத்தில் வராத பயம் துறைமுகத்துத் தண்ணீரில் வந்தது

சாகச அனுபவங்களைப் பகிரும் இந்த இழையில் எல்லாரும் பாராகிளைடிங்கில் (துணி இறக்கையில் தொங்கிக்கொண்டு மலையிலிருந்து பறப்பது) பறந்த கதையையே எழுதியிருக்கிறீர்கள். நான் பறந்தும் இருக்கிறேன், பாய்மரப் படகில் கவிழ்ந்தும் இருக்கிறேன். கவிழ்ந்ததில்தான் சொல்வதற்கு விஷயம் அதிகம். ஆனாலும் முதலில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2022 அக்டோபர். இமாசலப் பிரதேசத்தில் பீர் என்று ஓர் ஊர். (பெயரைக் கேட்டதும் மச்சான் எதையோ நினைத்துக்கொண்டு உடனே பெட்டி கட்டிவிட்டான்.) பீரிலிருந்து ஜீப்பில் 14 கிலோமீட்டர் மலையேறினால் பில்லிங். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,400 மீட்டர். இறங்கும் மைதானம் அங்கிருந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழே. 2015-இல் பாராகிளைடிங் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம். இப்போது டீக்கடையும் மேகியும் செல்ஃபி குச்சியுமாகத் திருவிழாக் கூட்டம்.

மலையிலிருந்து குதிப்பது என்று சொல்கிறோமே தவிர, யாரும் குதிப்பதில்லை. புல்சரிவில் ஓடுகிறோம், அவ்வளவுதான். என்னோடு பறந்த பைலட் உள்ளூர்ப் பையன். "பைட்னா நஹீ, பாக்தே ரஹ்னா" என்று மூன்று தடவை சொன்னார். உட்காராதே, ஓடிக்கொண்டே இரு. ஏன் மூன்று தடவை என்பது எனக்கு முன்னால் போனவரைப் பார்த்ததும் புரிந்தது. பட்டை இடுப்பை இழுத்ததுமே மனிதர் நாற்காலி கிடைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டார். பைலட்டும் அவருமாகப் பத்தடி தூரம் புல்லில் தேய்ந்துகொண்டு போனார்கள். நான் ஓடினேன். எட்டாவது அடியோ ஒன்பதாவதோ, கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, கீழே தரை இல்லை.

பைலட்டிடம் ஒரு சின்னக் கருவி இருந்தது. மேலே ஏறினால் குருவி மாதிரி கீச்கீச் என்னும், இறங்கினால் முனகும். வெயில் பட்ட சரிவுகளிலிருந்து சூடான காற்று மேலே எழும். அது எங்கே எழுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது, கழுகு வட்டமிடுவதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி ஒரு பிணந்தின்னிக் கழுகு சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்குள் நாங்களும் நுழைந்தோம். என் செருப்புக்குக் கீழே இருபதடியில் அது. (ஷூ போடச் சொல்லியிருந்தார்கள், நான் போட்டது பின்னால் வார் வைத்த செருப்பு. அது தனிக் கதை.) இறக்கையின் நுனிச் சிறகுகள் விரல் மாதிரி விரிந்து, காற்றுக்குத் தக்கபடி ஒவ்வொன்றும் தனித்தனியாக அசைந்தன. ஒரு தடவைகூட இறக்கையை அடிக்கவில்லை. தலையை மட்டும் திருப்பி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே போய்விட்டது. அந்தக் காற்று கிடைக்காவிட்டால் கால் மணி நேரத்தில் தரைக்கு வந்திருப்போம். 35 நிமிடம் மேலே இருந்தோம்.

துளி பயம் இல்லை. தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள். இறக்கையைத் திருப்பும் பிரேக் கயிறு இரண்டும் எனக்குப் பின்னால் இருந்த பைலட் கையில். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவனுக்கு என்ன பயம்?

அந்த மிதப்பில்தான் அடுத்த மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு கற்றுக்கொள்ளப் போனேன். லேசர் என்று ஒரு வகைப் படகு. நீளம் நாலே கால் மீட்டர்கூட இல்லை, ஒரே பாய், ஒரே ஆள். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண்ணான நம்ம சென்னை நேத்ரா குமணன் டோக்கியோவில் ஓட்டியதும் இதே படகுதான், பாய் மட்டும் கொஞ்சம் சின்னது. என்னுடையது 7 சதுர மீட்டர் பாய். ஒரு கையில் சுக்கான், மறு கையில் பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு. படகு சாய்ந்தால் உள்ளே இருக்கும் பட்டையில் காலை மாட்டிக்கொண்டு உடம்பை வெளியே தொங்கவிட வேண்டும்.

காலையில் காற்றே இல்லை. எல்லாம் தெரிந்துவிட்டது போல இருந்தது. மதியம் கடற்காற்று இறங்கியது. தென்கிழக்கிலிருந்து தண்ணீர்மேல் கறுப்பாக ஒரு பட்டை (பலமான காற்று வருவதன் அடையாளம்) என்னை நோக்கி வருவதைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். படகு சாய்ந்ததும் கை தானாகக் கயிற்றை இறுக்கிப் பிடித்தது. இறுக்க இறுக்க இன்னும் சாய்ந்தது. பாதுகாப்புப் படகிலிருந்து மாஸ்டர் கத்துகிறார்: "கயிற விடுங்க சார்! விடுங்க!" விட்டால் பாய் தளர்ந்து காற்று வழிந்துவிடும், படகு நிமிரும். காலையில் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டியதுதான். தலைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

கவிழ்ந்து பாய்க்கு அடியில் போய்விட்டேன். லைஃப் ஜாக்கெட் மேலே தூக்குகிறது, பாய் மேலே விடமாட்டேன் என்கிறது. வாயில் டீசல் ருசி. கணுக்காலில் அதே கயிறு ஒரு சுற்று. மொத்தம் ஐந்து விநாடி இருக்கும் என்றார் மாஸ்டர். நான் நம்பவில்லை. வெளியே வந்து, படகின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பலகையில் ஏறி நின்று அதை நிமிர்த்தி, மறுபடி உள்ளே விழுந்தபோது, நடுக்கத்தில் தாடை அடித்துக்கொண்டது. பறந்த உயரம் ஆயிரம் மீட்டர், கரை இருந்த தூரம் முந்நூறு மீட்டர். பயம் இங்கேதான் வந்தது.

அதற்குப் பிறகு பதினொரு தடவை கவிழ்ந்திருக்கிறேன். இப்போது கை முதலில் கயிற்றை விடுகிறது.

*

அண்ணா, நான் தொண்டிப் பக்கம். நீங்க சொல்ற கயிறுக்கு எங்க ஊர்ல தாமான்னு பேரு. பாயை ஏத்துற கயிறு ஆஞ்சான். எங்க தாத்தா வத்தையில, அதான் எங்க பக்கத்து மீன்பிடிப் படகுல, பாய் விரிச்சுத் தொழில் பாத்தவரு. தாமானைக் கட்டையில சுத்திட்டு எவனாவது சும்மா உக்காந்தா மண்டையிலயே ஒண்ணு போடுவாராம். அது கையிலதான் இருக்கணும், காத்து ஏறுனா இளக்கி விடணும்.

உடம்பை வெளியே தொங்கவிடுறதும் எங்களுக்குப் புதுசு இல்ல. வத்தைக்குக் குறுக்கே நீளமா ஒரு பலகை போட்டிருக்கும். காத்து அடிக்கிற பக்கம் அதுல ஆள் ஏறி உக்காரணும். காத்து கூடக்கூட நுனிக்கு நகரணும், குறைஞ்சா உள்ளே வரணும். கச்சான் காத்து அடிக்கிறப்ப நுனியில உக்காந்து பாருங்க, முதுகுல தண்ணி அறையும். இப்ப எல்லாம் இஞ்சின்தான். ஆனா எங்க பக்கத்து ஊருங்கள்ல திருவிழாவுக்குப் பாய்மரப் போட்டி வைக்கிறப்ப பழைய ஆளுங்க பலகையைத் தூக்கிட்டு வந்துடுவாங்க.

*

தம்பி, அடுத்த போட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்துவிடுகிறேன். எடை 84 கிலோ. பலகையில் எனக்கு நடுவா, நுனியா?

*

நுனிதான் அண்ணா. வீட்டுல சாப்பிட்டுட்டே ஏறுங்க, இன்னும் ரெண்டு கிலோ கிடைக்கும்.