உவரி பக்கம் கள்ளக்கடல் எச்சரிக்கை: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். மச்சான் உவரியில் வள்ளம் வைத்திருக்கிறார். காற்று எச்சரிக்கை எங்களுக்குப் புரிகிறது. 'மணிக்கு 45 முதல் 55 கி.மீ., இடையிடையே 65' என்றால் கடலுக்குப் போவதில்லை, அவ்வளவுதான். குழப்பமெல்லாம் கள்ளக்கடலில்தான். அது வரும்போது இங்கே காற்றே இருக்காது, வானமும் வெளுத்துக் கிடக்கும். எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் வீசிய பலத்த காற்று கிளப்பிய அலை, சில நாள் கழித்து நம் கரையில் வந்து ஏறும்.

ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் (INCOIS) அறிவிப்பில் அலை உயரத்தோடு, அலைக்கு அலை இடைவெளியையும் விநாடியில் போடுகிறார்கள். உயரம் குறைவாக இருந்தாலும் இடைவெளி கூடினால் கரையில் அடி பலம். எத்தனை விநாடி வந்தால் வள்ளத்தை மேட்டுக்கு இழுக்கிறீர்கள்? கூத்தங்குழி, இடிந்தகரைக்காரர்கள் சொன்னால் நல்லது. அப்புறம், மன்னார் வளைகுடா, குமரிக்கடல் என்று பகுதி பிரித்து வரும் எச்சரிக்கையில் உவரிக்கு எதைப் பார்க்க?