விக்டோரியா காலத்து போலீஸ்காரரைத் தேடி: சில அனுபவங்கள்

என் கணவர் வீட்டார் ஆங்கிலேயர்கள். மாமனாரின் கொள்ளுத்தாத்தா லண்டன் பெருநகரப் போலீஸில் இருந்தவர். 1888இல் லண்டனில் பெண்களைக் கொன்று, கடைசிவரை யாரென்றே தெரியாமல் போன ஜாக் தி ரிப்பரின் வழக்கைத் துப்பறிந்தவர், இன்ஸ்பெக்டராக ஓய்வு பெற்றவர் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு. மாமனாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் நல்லபடியாக இருக்கும்போதே இதில் எவ்வளவு உண்மை என்று பார்த்துவிடலாம் என்று நானும் கணவரும் இறங்கினோம். இதே மாதிரித் தேடுகிறவர்கள் இங்கே இருப்பதால், எங்களுக்கு எது கைகொடுத்தது என்று எழுதுகிறேன்.

முதலில் ரிப்பர் விஷயம். லண்டன் போலீஸ் குடும்பங்கள் பலவற்றில் இந்தக் கதை இருக்கிறது. அதை அப்படியே நம்பவும் வேண்டாம், உடனே தள்ளவும் வேண்டாம். பெருநகரப் போலீஸ் லண்டனை ஆங்கில எழுத்துகளால் பெயரிட்ட டிவிஷன்களாகப் பிரித்து வைத்திருந்தது. 1888இல் கொலைகள் நடந்த வைட்சாப்பல் எச் டிவிஷனின் பகுதி. ஆனால் ஆகஸ்ட் 31 அன்று பக்ஸ் ரோவில் மேரி ஆன் நிக்கல்ஸின் உடலைப் பார்த்த கான்ஸ்டபிள் ஜான் நீல் ஜே டிவிஷன்காரர். செப்டம்பர் 30 அதிகாலையில் மைட்டர் சதுக்கத்தில் கேத்தரின் எட்டோஸைக் கண்ட எட்வர்ட் வாட்கின்ஸ் பெருநகரப் போலீஸே அல்ல, லண்டனின் நடுப்பகுதியான 'சிட்டி'க்கென்று தனியாக உள்ள சிட்டி போலீஸ். அதே இரவு கோல்ஸ்டன் தெருவில் எட்டோஸின் ரத்தக்கறை படிந்த ஏப்ரன் துண்டைக் கண்டெடுத்த ஆல்ஃபிரட் லாங், வெஸ்ட்மின்ஸ்டர் பக்கத்து ஏ டிவிஷனிலிருந்து உதவிக்கு அனுப்பப்பட்டவர். அந்தத் தெருவில் அன்றுதான் அவருக்கு முதல் ரோந்து. அடுத்த வருடம் ஜூலையில், பணி நேரத்தில் குடித்திருந்தார் என்று வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள். இப்படி வெவ்வேறு டிவிஷன் ஆட்களைக் கொண்டுவந்து நிறுத்தியதால், "எங்கள் தாத்தாவும் அங்கே நின்றார்" என்று சொல்லும் குடும்பங்களில் சிலது உண்மையையே சொல்லலாம். நிரூபிப்பதுதான் கஷ்டம்.

எங்களுக்கு முதல் துப்பு கொடுத்தது ஒரு பதக்கம். 1887இல் விக்டோரியா அரசியின் பொன்விழாவுக்கு, பணியில் இருந்த போலீஸ்காரர்களுக்கெல்லாம் கொடுத்த வெண்கலப் பதக்கம். ஒரு பக்கம் முக்காடு போட்ட அரசியின் முகம். மேலே "1897" என்று ஒரு பட்டை. 1887 பதக்கம் ஏற்கெனவே வைத்திருந்தவர்களுக்கு வைரவிழாவின்போது புதுப் பதக்கம் தராமல் இந்தப் பட்டையைத்தான் தந்தார்கள். மாமனார் அதை எப்போதும் முகம் தெரிகிற மாதிரி வைத்தே பார்த்திருக்கிறார். விளிம்பைத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பொடி எழுத்தில் வெட்டியிருக்கிறது: பி.சி., பிறகு பெயர், பிறகு எம் டிவிஷன். எம் டிவிஷன் என்றால் சதக், தேம்ஸின் தென்கரை. பி.சி. என்றால் போலீஸ் கான்ஸ்டபிள். அந்தச் சின்ன விளிம்பு மூன்று விஷயம் சொல்லிவிட்டது: 1887இல் அவர் இன்ஸ்பெக்டர் இல்லை, வைட்சாப்பலில் இல்லை, 1897 வரை பணியில் இருந்தார்.

தேடப் போகிறவர்கள் தயவுசெய்து இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெருநகரப் போலீஸ்காரருக்கு இரண்டு எண்கள் உண்டு. வேலைக்குச் சேரும்போது தருவது வாரண்ட் எண். அது கடைசி வரை மாறாது, காவல் துறைப் பதிவேடுகளில் இதுதான் சாவி. இன்னொன்று டிவிஷன் எண். சட்டைக் காலரில் டிவிஷன் எழுத்தோடு சேர்ந்திருக்கும். டிவிஷன் மாறினால் இதுவும் மாறிவிடும். பழைய புகைப்படத்தில் தெரிவதும், செய்தித்தாளில் வருவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது எண். அதை வைத்துக்கொண்டு வாரண்ட் பதிவேட்டில் தேடினால் யாரோ முன்பின் தெரியாத ஒருவர்தான் கிடைப்பார்.

பெருநகரப் போலீஸின் பழைய ஆவணங்கள் லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தனித்தனி ஆள் கோப்புகள் பெரும்பாலும் மிஞ்சவில்லை, பேரேடுகள்தான் கதி. சேர்ந்தவர்கள் பதிவேடு 1830 முதல் 1857 வரை இருக்கிறது, பிறகு 1878இலிருந்து தொடர்கிறது. நடுவில் இருபது வருடம் காலி. எங்கள் ஆள் அந்த இடைவெளியில்தான் சேர்ந்திருந்தார். ஆனால் 1869 முதல் உறுதிமொழிப் பேரேடு என்று ஒன்று தனியாக உண்டு. புதிதாகச் சேர்கிறவர் உறுதிமொழி எடுத்துக் கையெழுத்துப் போடும் பேரேடு அது. அதில் 1872ஆம் ஆண்டுப் பக்கத்தில் அவரைக் கண்டோம். அதே பக்கத்தில் மற்றவர்களின் கையெழுத்து ஓடுகிறது. இவருடையது ஒவ்வொரு எழுத்தாக நின்று நின்று போகிறது, முதல் எழுத்தில் மை கொஞ்சம் தேங்கியிருக்கிறது. ஏர் பிடித்த கைக்குப் பேனா பழக்கமில்லை என்று பார்த்தாலே தெரிகிறது. என் கணவர் அந்தப் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.

அடுத்து பென்ஷன் பதிவேடு. 1852 முதல் 1932 வரை ஓய்வூதியம் பெற்றவர்கள் இதில் இருக்கிறார்கள். ஒரு போலீஸ்காரரைப் பற்றி ஒரே இடத்தில் அதிகம் சொல்வது இதுதான் என்பது என் அபிப்பிராயம், இங்கிருந்தே தொடங்குங்கள் என்பேன். பிறந்த ஊர், பெற்றோர், உயரம், முடி, கண், தோல் நிறம், உடம்பில் உள்ள அடையாளம், மனைவி, சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருந்தன. சஃபோக் கிராமத்தில் பிறந்தவர், ஐந்தடி ஒன்பது அங்குலம், பழுப்பு முடி, சாம்பல் நிறக் கண்கள், இடது காலில் நரம்புச் சுருள். 1872இல் கான்ஸ்டபிள், 1897இல் ஓய்வு பெறும்போதும் கான்ஸ்டபிள். 1890ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் இருபத்தைந்து ஆண்டு வேலை பார்த்தவருக்கு பென்ஷன் உரிமையானது; அதற்கு முன் மேலிடம் மனது வைத்தால் உண்டு. அவர் சரியாக அந்த இருபத்தைந்தை முடித்துவிட்டு வந்திருக்கிறார்.

அந்த நரம்புச் சுருளைப் பற்றி யோசித்துக்கொண்டே இருந்தேன். அந்தக் காலத்து ரோந்து மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் நடப்பது. ஆட்களில் பெரும்பகுதி இரவுப் பணியில்தான் இருப்பார்கள், பத்து மணியிலிருந்து காலை ஆறு வரை. இடுப்பில் எண்ணெய் விளக்கு. 1880களின் நடுவில் ஊதல் வரும்வரை உதவிக்கு ஆள் கூப்பிட மரக் கிலுகிலுப்பை. கல்யாணம் செய்துகொள்ள மேலதிகாரியின் அனுமதி வேண்டும். 1887 வரை நாடாளுமன்றத் தேர்தலில் ஓட்டும் கிடையாது. இதையெல்லாம் தாங்கிக்கொண்டு கால் நூற்றாண்டு ஓட்டியவரை, இன்ஸ்பெக்டர் ஆகவில்லை என்பதற்காக யாரும் குறைத்துப் பேச வேண்டாம் என்று எங்கள் வீட்டில் நான் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

கடைசியாக, எனக்கு மிகவும் பிடித்தது. லண்டனின் ஓல்ட் பெய்லி நீதிமன்ற வழக்கு நடவடிக்கைகள் 1674 முதல் 1913 வரை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. சாட்சி சொல்லும் போலீஸ்காரரின் பெயருக்குப் பக்கத்தில் டிவிஷன் எழுத்தும் எண்ணும் அச்சாகியிருக்கும். மேலே எச்சரித்தேனே, அந்த மாறும் எண், இங்கேதான் அது தங்கம். சதக் பகுதி அப்போது சரே கவுண்டியில் (கவுண்டி என்பது நம் மாவட்டம் மாதிரி) இருந்ததால் அந்த வழக்குகளைத் தனித் தலைப்பின் கீழ் போட்டிருப்பார்கள், அங்கே போய்ப் பாருங்கள். எங்கள் ஆள் ஒரு பூட்ஸ் திருட்டு வழக்கில் வருகிறார். இரவு ஒரு மணிக்கு டூலி தெருவில் மூட்டையோடு போன ஒருவனை நிறுத்தினேன், என்ன என்று கேட்டேன், அண்ணனுடைய துணி என்றான், தொட்டுப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது, அழைத்துக்கொண்டு போனேன் என்கிறார். அவ்வளவுதான். அதை மாமனாருக்கு வாசித்துக் காட்டினேன். "திரும்பப் படி" என்றார். அவர்கள் வீட்டில் யாரும் கேட்டிராத குரல் அது.

* * *

அக்கா எழுதியதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் வேல்ஸில் வேலை பார்க்கிறேன், என் மனைவியின் ஊர் பெம்புரோக் டாக். அவள் அம்மா வழியில் ஒரு முன்னோர் "லண்டன் போலீஸ்" என்று குடும்பப் பைபிளில் எழுதியிருக்கிறது. ஆனால் சென்சஸில் பார்த்தால் பிள்ளைகள் பிறந்த ஊர்கள் சாத்தம், அப்புறம் பெம்புரோக் டாக். லண்டன் போலீஸ்காரருக்கு வேல்ஸின் மேற்குக் கோடியில் என்ன வேலை என்று மாமியார் வீட்டில் பெரிய விவாதமே நடந்திருக்கிறது. வேறு யாரோ ஒருவரின் தகவல் கலந்துவிட்டது என்று அவள் மாமா முடிவே கட்டிவிட்டார்.

விஷயம் இதுதான். 1860 முதல் கடற்படைக் கப்பல் தளங்களின் காவலை லண்டன் பெருநகரப் போலீஸ்தான் பார்த்தது. வுல்விச், சாத்தம், போர்ட்ஸ்மத், டெவன்போர்ட், பெம்புரோக் என்று அதற்கென்றே தனி டிவிஷன்கள். ஆட்களை ஒரு தளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள், குடும்பமும் கூடவே போகும். பென்ஷன் பதிவேட்டில் அவர் கடைசியாக இருந்தது பெம்புரோக் என்று தெளிவாக இருந்தது. ஆக, பிள்ளைகள் பிறந்த ஊர்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். துறைமுக ஊர்களாக வந்தால் கப்பல் தளப் போலீஸா என்று பார்ப்பது நல்லது.

கல்யாணம் ஆகாத கான்ஸ்டபிள்களை சென்சஸில் வீட்டு முகவரியில் தேடிப் பயனில்லை. அவர்கள் போலீஸ் நிலையத்திலோ அதற்கான விடுதியிலோ மொத்தமாகத் தங்குவார்கள், பெயர்கள் அங்கே ஒரே பட்டியலாக இருக்கும். போலீஸ்காரர் சீக்கிரம் இறந்துபோயிருந்தால் பிள்ளைகளை ட்விக்கன்ஹாமில் பாருங்கள். பெருநகர, சிட்டி போலீஸ் இரண்டுக்குமான அனாதை இல்லம் 1870இல் அங்கே தொடங்கியது.

இன்னொன்று: லண்டனுக்கு வெளியே என்றால் கியூவில் தேட வேண்டாம். 1856ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஒவ்வொரு கவுண்டியும் போலீஸ் வைத்தே ஆக வேண்டும் என்றானது. அந்தப் படைகளின் பதிவுகள், மிஞ்சியவை, அந்தந்தக் கவுண்டி ஆவணக் காப்பகத்திலோ அந்தப் படையிடமோதான் இருக்கும்.

* * *

எங்கள் கதை அயர்லாந்து. நான் டப்ளினில் நர்ஸ், கணவர் ஐரிஷ்காரர். அவருடைய அப்பாவைப் பெற்ற தாத்தாவுக்குத் தாத்தா, பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் அயர்லாந்தின் போலீஸ் படையாக இருந்த ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரியில் இருந்தவர். இதை அந்த வீட்டில் நூறு வருடமாக யாரும் வெளியே பேசியதில்லை. 1919 முதல் 1921 வரை நடந்த விடுதலைப் போரில் அந்தப் படை ஆட்கள் சுடப்பட்டார்கள், ஒதுக்கிவைக்கப்பட்டார்கள். 1922இல் படையையே கலைத்துவிட்டார்கள். அதற்கு வெகு காலம் முன்பே ஓய்வு பெற்றவர்களின் குடும்பங்களும் வாயைத் திறக்கவில்லை. புகைப்படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து ஒரு டிராயரின் அடியில் வைத்திருந்தார்கள்.

பணிப் பதிவேடு இதற்கும் கியூவில்தான், 1816 முதல் இருக்கிறது. அப்பா அம்மா பெயரோ, பிறந்த கிராமமோ அதில் இருக்காது, கவுண்டி மட்டும்தான். ஆனால் மதம், உயரம், முன்பு பார்த்த தொழில், யார் சிபாரிசில் சேர்ந்தார், எந்தத் தேதியில் கல்யாணம், மனைவி எந்தக் கவுண்டி, எங்கெல்லாம் மாற்றல், என்ன தண்டனை என்று ஒரே வரியில் இருக்கும். சொந்தக் கவுண்டியிலோ மனைவியின் கவுண்டியிலோ வேலை தரமாட்டார்கள். கணவர் குடும்பம் ஏன் ஊர் ஊராகப் போனது என்பது அந்த ஒரு விதியைப் படித்ததும் விளங்கியது. கல்யாணத் தேதிக்கு அடுத்த மாதமே மாற்றல் போட்டிருக்கிறார்கள்.

இவர் சேர்ந்தது 1880. நிலப் போராட்டம் உச்சத்தில் இருந்த காலம். குத்தகை கட்ட முடியாத குடியானவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றும்போது காவலுக்கு நின்றது இந்தப் படைதான். இவரும் ஒரு குடியானவர் மகன், கத்தோலிக்கர். அந்தப் படையின் சாதாரணக் கான்ஸ்டபிள்களில் பெரும்பான்மையோர் அப்படித்தான். கணவருக்கு இதை ஏற்றுக்கொள்வது சுலபமாக இல்லை. பெருமைப்படவும் முடியவில்லை, வெறுக்கவும் முடியவில்லை. எனக்கு என்னவோ, மறைத்து வைத்ததைவிட இப்போது தெரிந்ததே மேல் என்றுதான் படுகிறது. புகைப்படம் இப்போது கூடத்தில் இருக்கிறது, அதற்கு என் மாமியாரே சட்டம் வாங்கி வந்தார்.

முதலில் எழுதிய அக்கா சொன்ன நீதிமன்றக் குரல் எங்களுக்கும் கிடைக்குமா என்று பார்க்கிறோம். அயர்லாந்தில் பெட்டி செஷன்ஸ் என்ற கீழ் நீதிமன்றப் பதிவுகள் இணையத்தில் இருக்கின்றன. குடிபோதை, அலையும் மாடு, விளக்கில்லாத வண்டி என்று சின்னச் சின்ன வழக்குகள். புகார் கொடுத்தவர் என்ற இடத்தில் கான்ஸ்டபிளின் பெயர் வரும். சாட்சியத்தின் வார்த்தைகள் இருக்காது, ஆனால் எந்த நாளில் எந்த ஊர்க்காரர் மேல் எதற்காக வழக்குப் போட்டார் என்பது இருக்கும். அவர் இருந்த நிலையங்களின் வரிசையை எழுதி வைத்திருக்கிறேன். இந்த வாரம் முதல் ஊரிலிருந்து தொடங்குகிறோம்.