பேட்டன்ட்ல பாதி என்னுதுன்னு தெனாவெட்டா இருந்தேன்

சேலம் அஞ்சு ரோடு பக்கம் சின்னதா லேத் பட்டறைங்க, சேகோ மில் (ஜவ்வரிசி ஆலை) ரிப்பேர்தான் மெயின். குச்சிக்கிழங்கு (மரவள்ளி) தோல் உரிக்கிற டிரம் இருக்குல்ல, அதுல தோல் ஒட்டிக்கிட்டே அரவைக்குப் போச்சுன்னா மாவு வெள்ளையா வராது, மில்லுக்காரரு நம்ம மேல பாய்வாரு. நானும் ஐடிஐல ஒண்ணா படிச்ச கூட்டாளியும் உள்ள இருக்கிற கம்பிய எடுத்துட்டு தகட்ட சாய்ச்சு வச்சு தண்ணி பீச்சுற மாதிரி செஞ்சோம், மூணு டிரம் காயலான் கடைக்குப் போச்சு, நாலாவதுல கிழங்கு சோப்புக்கட்டி மாதிரி வழுவழுன்னு வந்து விழுந்துச்சு பாருங்க..

ரெண்டு பேர் பேர்லயும் அப்ளிகேஷன் போட்டு பேட்டன்ட்டும், அதாவது கண்டுபிடிப்புக்கான காப்புரிமையும், வந்துருச்சு. ஆனா எங்களுக்குள்ள ஒரு வரி எழுதிக்கல, சிநேகிதன்கிட்ட போயி பத்திரம் கேக்குறதான்னு ஒரு கூச்சம்.

அப்புறம் வழக்கமான கதைதான். மனஸ்தாபம், அவன் தனியா பட்டறை போட்டுட்டான். அதே டிரம்ம செஞ்சு விக்கிறான், எனக்கு அஞ்சு பைசா வரல. தடை வாங்கிடலாம்னு வக்கீல்கிட்ட ஓடுனா அவரு 1970 பேட்டன்ட் சட்டத்துல 50வது பிரிவ எடுத்து முன்னாடி வச்சாரு. வேற மாதிரி ஒப்பந்தம் இல்லைன்னா ஆளுக்கு சமபங்கு, ஆனா ஒவ்வொருத்தரும் தனக்குன்னு செஞ்சு வித்துக்கலாம், இன்னொருத்தருக்கு கணக்கு காட்டவே வேண்டாமாம். எனக்கு தலை சுத்திருச்சு. பாதின்னா லாபத்துல பாதின்னுதான நாம நெனைப்போம்?

அதே பிரிவுல இன்னொண்ணும் இருக்குன்னாரு. வேற ஆளுக்கு லைசென்ஸ் (செஞ்சு விக்கிற அனுமதி) குடுக்கவோ தன் பங்க எழுதிக் குடுக்கவோ மத்தவன் சம்மதம் வேணும். எனக்கு அப்ப அது பெருசா படல.

ஆறு மாசம் கழிச்சு ஆத்தூர் பக்கத்து கம்பெனி ஒண்ணு அவன்கிட்ட லைசென்ஸ் கேட்டிருக்கு, அவன் அட்வான்ஸே வாங்கிட்டான் போல. கம்பெனி வக்கீல் பேட்டன்ட் ரிஜிஸ்டர்ல ரெண்டு பேர பார்த்துட்டு இன்னொரு ஆளு கையெழுத்து எங்கன்னு கேட்டுட்டாரு. மறுநாள் சாயங்காலம் கையில தட்டுவடை பார்சலோட வாசல்ல நிக்கிறான்! (செட்டு கடை தட்டுவடைங்க, அதுக்கு மட்டும் மறுப்பு சொல்லல.)

கடைசில என் பங்க கம்பெனிக்கே வித்துட்டேன், அவனும் சம்மதம் எழுதிக் குடுத்தான். வாய்ப்பேச்சு செல்லாது, எழுத்துல இருக்கணும். வாங்குனவங்க பதினாறாம் நம்பர் படிவத்துல சென்னை ஆபீஸ்ல பதிஞ்சுட்டாங்க, பதியலைன்னா கோர்ட்ல அந்தப் பத்திரத்த சாதாரணமா சாட்சியா எடுக்க மாட்டாங்களாம்.

ஏற்காட்டுக்காரி: எங்கப்பாவும் அவர் நண்பரும் காப்பிப்பழம் உரிக்கிற மெஷினுக்கு இப்படித்தாங்ண்ணா பேட்டன்ட் வாங்கி வச்சிருந்தாங்க. அப்பா தவறுனதும் அந்த மாமா இனி முழுசும் என்னுதுதான்னுட்டாரு, நாங்களும் நம்பிட்டோம். அப்புறம்தான் தெரியுது, பங்கு வாரிசுக்கு வருமாம், நகை பணம் மாதிரி அசையும் சொத்துக் கணக்குல. வாரிசு சர்டிபிகேட்டோட அலையுறோம். அப்ளிகேஷன் போட்ட நாள்ல இருந்து 20 வருஷம்தான உசுரு, எங்களுதுல இன்னும் ஏழு வருஷம் இருக்கு.

லேத்துக்காரன்: வருஷா வருஷம் ரினியூவல் ஃபீஸ் கட்டியிருக்காங்களான்னு மொதல்ல பாரும்மா. கட்டாம விட்டிருந்தா பங்கு போடவே ஒண்ணும் இருக்காது.