பெரியாத்துத் தண்ணி நம்மள வாழ வச்சுச்சா, கம்மாயக் கொன்னுச்சா?

மேலூர்க்காரன்:
நேத்து கள்ளந்திரி வழியா பைக்ல வந்தேன், கால்வா ரெண்டு பக்கமும் நட்டு பச்சப்பசேல்னு கெடக்கு. இதெல்லாம் ஒரு காலத்துல வரகும் கேப்பையும் போட்ட மானாவாரிக் காடு. மேற்க அரபிக்கடலுக்குப் போன பெரியாத்துத் தண்ணிய அணை கட்டி, மலையக் கொடஞ்சு 1895ல இங்குட்டு திருப்பிவிட்டாக பாருங்க, அதுக்கப்புறந்தான் மேலூர்ல நெல்லுச்சோறு. அந்த அணையக் கட்டுன பென்னிகுக் படத்த வீட்ல சும்மா மாட்டி வைக்கல.

கம்மாக்கரை:
படம் மாட்டுங்கண்ணே, அதுல எனக்கு சண்ட இல்ல. ஆனா அதுக்கு முன்னாடி இங்க என்ன பாலைவனமா? மேல் கம்மா நெறஞ்சு மறுகா போனா கீழ உள்ளது நெறையும், அப்பிடியே சங்கிலியா போகும். கால்வாத் தண்ணி வருதுன்னதும் வரத்துக்கால யாரு எட்டிப் பாத்தா? இப்ப வைகைல நம்ம கால்வா பிரியுற பேரணைல ஷட்டரத் தூக்கலைன்னா நடவு இல்ல, மழைத்தண்ணிய தேக்குன ஆளு ஆர்டர் எப்ப வரும்னு உக்காந்துருக்கான்.

மேலூர்க்காரன்:
தம்பி, தாது வருசப் பஞ்சத்தப்ப (1876-78) அதே கம்மா இருந்துச்சுல்ல, ஏன் சனம் கொத்துக்கொத்தா செத்துச்சு? மழையே இல்லைன்னா கம்மாயில என்னத்த தேக்குவ, காத்தையா?

கம்பத்தான்:
சண்ட போடுங்க, தண்ணி மொதல்ல எங்க லோயர்கேம்ப்புக்குதான் வருது 😄 மேல மலைல நின்னு எங்க பள்ளத்தாக்க பாத்தா எல்லாம் புரிஞ்சு போகும், ஆத்தோரம் கூடலூர் கம்பம் வயலு ரெண்டு போகம் நெல்லு, அதத் தள்ளி வாழ, தென்ன, அப்புறம் பந்தல் பந்தலா பன்னீர் திராட்ச, அதுக்கெல்லாம் கெணறு, மோட்டார், சொட்டுநீர். திராட்சைக்கு 2023ல புவிசார் குறியீடும் கெடச்சாச்சு. ஆனா நெல்லு வயல்லயும் இப்ப தென்னங்கன்னு ஏறுது, நடவுக்கு ஆள் கெடைக்கல, வேறென்ன செய்ய.

கம்மாக்கரை:
பஞ்சம் பத்தி சொன்னது சரிண்ணே, அதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. ஆனா கால்வாத் தண்ணியே பாதி எடத்துல கம்மாயில விழுந்துதான வயலுக்குப் போகுது, அந்தக் கம்மாயில சீமக்கருவேலம் நின்னா யாருக்கு நட்டம்? மதுரைக்குள்ள தல்லாகுளம்னு பேரு இருக்கு, குளத்தக் காட்டுங்க பாப்போம்.

மேலூர்க்காரன்:
அதுக்குப் பெரியாறு என்னப்பா பண்ணும், பிளாட் போட்டது தண்ணியா?

கடைமடை:
கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதுக்குக் கீழ ஒருபோகம், நாங்க அதுலயும் கடைசி. பச்சப்பசேல்னு போட்டோ போடுறவுக எங்கூருப் பக்கமும் ஒருக்கா வண்டிய விடுங்க. அது கெடக்கட்டும், ஒருபோகத்துக்கு என்னைக்குத் தொறக்குறாகன்னு யாருக்காச்சும் தெரியுமா, நாத்துப் பாவவா வேணாமா?