பாசம் இல்லாததால்தான் சாப்பிடவில்லையா?

கூடல்அம்மா: "வீட்டில் உறவு அறுந்த பிள்ளைக்குத்தான் அனோரெக்சியா (சாப்பாட்டை ஒதுக்கி உடல் மெலிந்துபோகும் மனநோய்) வரும்" என்று நேற்று வெள்ளைத்தாள் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 திடமான ஆண்களை 24 வாரம் அரைவயிற்றில் வைத்தார். பலர் கலகலப்பை இழந்து ஒதுங்கினார்கள், சமையல் புத்தகமே கதி என்று கிடந்தார்கள். அவர்களுக்கு எந்த அம்மா பாசம் காட்டாமல் விட்டாள்? பட்டினி முதலில், விலகல் அப்புறம்.

வெள்ளைத்தாள்: அம்மா, அந்த 36 பேரும் சோற்றுக்கு ஏங்கியவர்கள். இந்தப் பிள்ளைகள் தட்டைத் தள்ளுகிறார்கள். இரண்டும் ஒன்றா? உறவு அறுபடுவதே மனவேதனைக்கு வேர் என்ற மனநல மருத்துவர் ஜீன் பேக்கர் மில்லர் வழி வந்தவர்கள் சொல்வதைப் படியுங்கள். உள்ளதைச் சொன்னால் உறவு போய்விடுமோ என்று பயந்து, பேச்சை விழுங்கி விழுங்கி வாழ்வதும் அறுபடல்தான்.

கூடல்அம்மா: 36 பேர் ஒதுங்கியது ஏன்? அதற்குப் பதில் சொல்லுங்கள் தம்பி.

பழையபேட்டை: இந்த நோய்க்கு அனோரெக்சியா நெர்வோசா என்று பெயர் வைத்த ஆங்கிலேயர் வில்லியம் கல் (Gull) என்பவரே, 1870களில், உறவினர்கள்தான் பெரும்பாலும் மோசமான பராமரிப்பாளர்கள் என்று எழுதிவிட்டார். அம்மாக்கள் கொஞ்சம் தள்ளி நிற்கலாம்.

கூடல்அம்மா: தள்ளித்தான் நிறுத்தினார்கள் ஐயா! என் மகளைச் சேர்த்த இடத்தில் மூன்று வாரம் நான் வாசலோடு சரி. வீட்டுக்கு வந்தபின் அவள் சட்டையைத் துவைக்கப் போட்டால், மடித்த கைக்குள்ளிருந்து காய்ந்த தோசைத் துண்டுகள் விழுந்தன. அதைப் பார்த்தது நான், உங்கள் வில்லியம் கல் அல்ல. 1980களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையில் பெற்றோர் கையிலேயே சாப்பாட்டுப் பொறுப்பைக் கொடுத்தார்கள். 18 வயதுக்குள் நோய் தொடங்கி, மூன்று ஆண்டு தாண்டாத பிள்ளைகளுக்குத் தனிச் சிகிச்சையைவிடக் குடும்பச் சிகிச்சையே பலன் தந்தது என்று 1987இல் வெளியிட்டார்கள்.

வெள்ளைத்தாள்: அப்படியானால் உறவுதானே மருந்து? நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

கூடல்அம்மா: பாராசிட்டமால் போட்டால் காய்ச்சல் இறங்கும். பாராசிட்டமால் குறைந்ததாலா காய்ச்சல் வந்தது?

நிலாமுற்றம்: அக்கா, தைராய்டு பற்றிய விவாத இழையிலும் இப்படித்தான் யாரையும் பேசவிடவில்லை. நான் கேட்ட கேள்வி இன்னும் அங்கேயே கிடக்கிறது.

கூடல்அம்மா: அங்கே என்னைப் 'படிக்காதவள்' என்றது யார்? அதற்கு முதலில் மன்னிப்புக் கேளுங்கள்.

நிலாமுற்றம்: நான் சொல்லவில்லை. சொன்னவரை 'லைக்' செய்தேன், அவ்வளவுதான்.

பழையபேட்டை: வில்லியம் கல் ஒரு மருத்துவர். நீங்கள்?

கூடல்அம்மா: ஒன்றரை வருடம், வேளைக்கு முக்கால் மணி நேரம், அவள் எதிரே உட்கார்ந்தவள்.

வெள்ளைத்தாள்: உங்கள் வலியை நான் மறுக்கவில்லை அம்மா. ஆனால் அந்த 36 பேர் அனோரெக்சியா நோயாளிகள் இல்லை.

கூடல்அம்மா: நோயாளிகள் இல்லாதவர்களே ஒதுங்கினார்கள் என்பதுதானே என் பேச்சு! 36 பேர் தம்பி. மறுபடி முதலிலிருந்து படியுங்கள்.