கண்ணில் பட்ட மீனுக்கு இரை வீசிய அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள்

குன்னூர்வாசி:
டிரோலிங் (ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்துப் போவது), டீசர் (மீனை வரவழைக்க இழுக்கும் முள்ளில்லாத போலி இரை) எல்லாம் இங்கே பலருக்குத் தெரிந்ததுதான், முன்கதை வேண்டாம். இடம் அந்தமான். அங்கே வேலை பார்க்கும் தம்பி ஏற்பாடு செய்த படகு. காலையில் பிடித்த கானாங்கெளுத்தி தொட்டியில் உயிரோடு சுற்றிக்கொண்டிருந்தது. மதியம் தாண்டி, மேல்தட்டில் நின்ற பையன் "வால், வால்" என்று கத்தினான். அலை முதுகில் அரிவாள் போல ஒரு வால், அலையோடு சறுக்கிக்கொண்டு வந்தது. மார்லின், ஈட்டி மூக்குள்ள பெரிய கடல்மீன்! கேப்டன் படகை அதன் பாதைக்கு முன்னால் கொண்டுபோனார். மேலுதட்டில் தூண்டில் முள் கோத்த கானாங்கெளுத்தியை அதன் தலைக்குச் சற்று முன்னே வீசினேன்.

அதற்கடுத்த சில நொடிகள்தான் இன்னும் என்னை விடவில்லை. அதுவரை பழுப்பாகத் தெரிந்த உடம்பில் நீலம் ஏறியது. முதலில் பக்கத் துடுப்புகள், பிறகு வால்வரை. நான் ரீலைத் திறந்துவிட்டு தூண்டில் நரம்பைக் கட்டைவிரலால் மட்டும் தாங்கியிருந்தேன். கானாங்கெளுத்தி பயந்து படபடப்பது விரலில் தெரிந்தது. மார்லின் பின்னால் வந்து, எடுக்காமல், பார்த்துக்கொண்டே கூட வந்தது. அப்புறம் ஒரே பாய்ச்சல். நரம்பு ஓடியது, இறுக்கினேன், மேலே எழும்பிக் குதித்தது, முள் கழன்றது. மீன் போனதில் வருத்தமில்லை. அந்த நீலம் எங்கிருந்து வருகிறது? வேறு யாராவது பார்த்திருக்கிறீர்களா?

எமரால்டு பக்கம்:
நீலம் எனக்குத் தெரியாதுங்க. ஆனா மீன் எடுக்காம கூடவே வந்து பாக்குதுன்னு சொன்னீங்களே, அது நம்ம ஓடை டிரவுட்டுகிட்டயும் உண்டு, குளிர்ந்த மலை ஓடையில இருக்குற மீன் அது. நீலகிரியில அவலாஞ்சிப் பக்கம் லைசென்ஸ் வாங்கிப் போன காலம். தண்ணி கண்ணாடியா இருந்துச்சு. டிரவுட்டு நீரோட்டத்துக்கு எதிரா மூஞ்சிய வச்சு நிக்கும், அதுக்கு நேர் பின்னாடி கண்ணு தெரியாது. அதனால கீழேயிருந்து முட்டி போட்டு ஏறினேன். வெட்டுக்கிளிய மேல விட்டேன், மிதந்து வந்துச்சு. மீன் எழும்பி, மூக்கை வெட்டுக்கிளிக்குக் கீழ ஒட்டி வச்சு, அப்படியே பின்னாடியே மிதந்து என்னை நோக்கி வருது! உடம்புப் பக்கத்துல அந்த ரோஸ் கோடு, புள்ளி எல்லாம் எண்ணலாம் போல தெரிஞ்சது. வாயத் தொறந்துச்சு. மூடிக்கிச்சு. திரும்பிப் போயி பழைய கல்லு நிழல்லயே நின்னுடுச்சு. எதைப் பாத்து வேணாம்னு முடிவு பண்ணுச்சுன்னு இன்னைக்கும் யோசிக்கிறேன்.

ஊட்டி ஏரிக்கரை:
குன்னூர்வாசி சார், மீன் போனதற்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "நரம்பு ஓடியது, இறுக்கினேன்". மார்லின் இரையைக் குறுக்காகத்தான் கவ்வும். பிறகு திருப்பி, தலைப்பக்கமாக விழுங்கும். அதற்கு நேரம் கொடுக்க வேண்டும். ராட் நுனியை மீன் பக்கமே நீட்டி வைத்து, ரீல் சிக்காமல் விரலால் லேசாகத் தடவி, ஓட விடுங்கள். பிறகு டிராக்கை, அதாவது ரீலின் பிரேக்கை, மெல்ல ஏற்றுங்கள். சர்க்கிள் ஹூக் (நுனி உள்நோக்கி வளைந்த முள்) என்றால் வெட்டி இழுக்கவே கூடாது. நரம்பு இறுக இறுக முள் தானாக வாயோரத்தில் ஏறிக்கொள்ளும். தொண்டையில் மாட்டாததால் மீனும் பிழைக்கும். படகருகே வந்தபின் தூக்கிப் படம் எடுக்காதீர்கள். படகை மெதுவாக நகர்த்தி, செவுளில் தண்ணீர் ஓட விட்டு, தெம்பு வந்தபின் விடுங்கள். கறுப்பு மார்லினில் பெரியதெல்லாம் பெண்தான். 1953-ல் பெரு நாட்டு கபோ பிளாங்கோவில் பிடித்த 1,560 பவுண்டு சாதனையை இன்னும் யாரும் தாண்டவில்லை. அப்படி வளர வேண்டிய மீனை நாம் கொல்லக் கூடாது.

நீலத்துக்குக் காரணம்: தோலில் உள்ள கரு நிறமிகள் சுருங்கும்போது அடியில் இருக்கும் பளபளப்பு வெளியே தெரிகிறது. கிளர்ச்சி வந்தால் நொடியில் நடக்கும்.

எமரால்டு தம்பி, டிரவுட்டுக்கு வெட்டுக்கிளியைக் கோப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஃப்ளைதான் (இறகு, நூல் கட்டிய செயற்கைப் பூச்சி) முறை. நான் பார்த்தது ஒரு மயில் மீன், தூத்துக்குடிக்கு வெளியே, முதுகுத் துடுப்பை விரித்து மத்திக் கூட்டத்தை வளைத்தது. அவ்வளவுதான்.

மூஞ்சிக்கல்:
ஏரிக்கரை ஐயா, கேட்டது நீலத்தைப் பத்தி. அந்தப் பதில் நாலே வரி, அதுக்கு முன்னாடி ஒரு பக்கத்துக்குப் பாடம். வெட்டுக்கிளி காத்துல விழுந்து தினம் ஓடையில மிதக்குது, டிரவுட்டு தினம் தின்னுது. அதுல என்ன முறைகேடு? டிரவுட்டே வெளியூரிலிருந்து கொண்டுவந்து 1907 வாக்கில் அவலாஞ்சியில் குஞ்சு பொரிச்சு விட்டதுதான். உங்க ஊட்டி ஏரிக் கெண்டையும் 1939-ல் இலங்கையிலிருந்து வந்தது.

எங்க கொடைக்கானல் ஏரியில கண்ணாடிக் கெண்டை கரையோரம் சேத்தைக் கிண்டும்போது கலங்கல் எழும்பும், வால் மட்டும் மேல தெரியும். கலங்கலுக்குள்ள போட்டா பயந்து ஓடும். ரெண்டு முழம் முன்னாடி மாவு உருண்டையைப் போட்டுட்டு நின்னேன். பெரிய மீன், மேல ஒரு வரிசை மட்டும் காசு காசா செதில். வாயை நீட்டி உருண்டைய உறிஞ்சி, துப்பி, மறுபடி உறிஞ்சி, துப்பி, போயிடுச்சு. நரம்பு அசையவே இல்லை. கண்ணால பாக்கலைன்னா மீன் வந்ததே தெரிஞ்சிருக்காது.

குன்னூர்வாசி:
நிறமி விளக்கத்துக்கு நன்றி ஐயா. இறுக்கினேன் என்றது டிராக்கை மெல்ல ஏற்றியதைத்தான். முள்ளும் சர்க்கிள் ஹூக்தான், ஓடவிட்டுக் கேப்டன் எண்ணிச் சொன்ன பிறகே ஏற்றினேன். மூஞ்சிக்கல் நண்பரே, அந்த உருண்டையில் என்ன மாவு?